கேள்வி கேட்கப்படும் உரிமை

பெண்கல்வி வரலாற்றை எழுதும்போது நாம் பெரும்பாலும் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறோம். எந்த ஆண்டு எந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது, முதல் பட்டதாரி யார் என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். உள்ளே போனவளிடம் என்ன கேட்டார்கள், அவள் சொன்னதை மறுத்துப் பேசும் அளவுக்காவது மதித்தார்களா என்பது வேறு வரலாறு. அதைத் தேடிப் போனபோதுதான் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் ஸ்வார்த்மோர் என்ற சிறு கல்லூரியின் ஆனர்ஸ் திட்டம் என்னைப் பிடித்து நிறுத்தியது.

1864இல் குவேக்கர்கள் தொடங்கிய கல்லூரி அது. குவேக்கர் வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். உள்ளம் உந்தினால் யாரும் எழுந்து பேசலாம், பெண்ணும் பேசலாம். 1848இல் செனெகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டியவர்களில் ஒருவரான லுக்ரீஷியா மாட், இக்கல்லூரியை நிறுவியவர்களிலும் ஒருவர். 1869இல் வகுப்புகள் தொடங்கியபோதே ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற ஆலிஸ் பால் இங்கே 1905இல் பட்டம் பெற்றவர்.

ஆனர்ஸ் அதற்குப் பிறகு வந்தது. 1921இல் தலைவராகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் அய்டெலாட், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்று படித்தவர். அமெரிக்கக் கல்லூரிகள் எல்லா மாணவர்களையும் ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் நடத்திச் செல்கின்றன என்பது அவருடைய குறை. 1922இல் அவர் தொடங்கிய திட்டத்தில், விருப்பமும் திறனும் உள்ளவர்கள் கடைசி இரண்டு ஆண்டுகள் வழக்கமான வகுப்புகளை விட்டு வெளியே வர முடிந்தது. அதற்குப் பதில் வாராந்திரக் கருத்தரங்கு. ஒரு மேசையைச் சுற்றி ஒருசிலர். ஒருத்தி எழுதிவந்ததை மற்றவர்கள் பிரித்துப்போடுவார்கள்; எழுதியவள்தான் பதில் சொல்ல வேண்டும். இறுதியில் வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள். எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் அவர்கள் கையில். பாடம் சொன்ன ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் அதிகாரமே அப்போது இருக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி ஏற்பாடுதான். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்காக எத்தனை மாணவிகள் 'நல்ல பிள்ளை'யாகவே மூன்று வருடத்தைக் கழித்துவிட்டுப் போகிறார்கள் என்பது கல்லூரியில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். மதிப்பெண் ஆசிரியரின் கையைவிட்டுப் போனால் அவர் மேசையின் இந்தப் பக்கம் வந்து மாணவியோடு உட்கார வேண்டியதாகிறது. முன்பின் தெரியாத ஒருவரை இருவரும் சேர்ந்து எதிர்கொள்ளத் தயாராகிறார்கள்.

காலத்தைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் தர ஒப்புக்கொண்டது 1920இல். கேம்பிரிட்ஜ் 1948 வரை இழுத்தடித்தது. அந்த ஆங்கிலேய முறையை இரவல் வாங்கிய சிறு கல்லூரியில் தொடக்கம் முதலே பெண்கள் கருத்தரங்கில் இருந்தார்கள். இன்னொரு முரணும் உண்டு. அய்டெலாட் 1918 முதல் பல ஆண்டுகள் ரோட்ஸ் அறக்கட்டளையின் அமெரிக்கச் செயலாளர். செசில் ரோட்ஸின் உயிலின்படி அந்த உதவித்தொகை ஆண்களுக்கு மட்டுமே. பெண்கள் அதில் ஆக்ஸ்ஃபோர்டு போனது 1977இல்தான். ஆக, ஒரே மேசையில் வாதிட்ட இருவரில் அவன் விண்ணப்பிக்கலாம், அவள் விண்ணப்பிக்க முடியாது. அவனைவிட அவள் நன்றாக வாதிட்டிருந்தாலும்.

கல்லூரியையும் கொண்டாடித் தீர்த்துவிட முடியாது. 1940கள் வரை கறுப்பின மாணவர்களுக்கு அங்கே இடமில்லை. ஒருத்தி யூதர் என்பதற்காக அவளைச் சேர்க்க மறுத்த மாணவியர் சங்கங்களும் இருந்தன. 1933இல் பட்டம் பெற்ற மோலி யார்டு அவற்றை எதிர்த்து நின்று, கல்லூரியிலிருந்தே ஒழிக்கச் செய்தார். 1987இல் அமெரிக்காவின் தேசியப் பெண்கள் அமைப்புக்குத் தலைவரானவர் அவர்தான். கருத்தரங்குகள் பல பேராசிரியர்களின் வீட்டுக் கூடத்தில் நடந்தன. இடைவேளைத் தேநீரை யார் போட்டிருப்பார்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஆனர்ஸில் யாரையும் பிடித்துத் தள்ளுவதில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் தானாக முன்வந்து கேட்க வேண்டும். 'என்னைச் சோதியுங்கள்' என்று சொல்வதற்கு ஒருத்திக்கு முதலில் தன் மூளைமீது நம்பிக்கை வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு அதைக் கொடுத்தது யார்?

நம்மிடம் வெளித்தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் நேருக்கு நேர் அமர்வது பெரும்பாலும் முனைவர் பட்டத்தில்தான். தேர்வாளராகப் போகும் இடங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: ஆய்வாளர் பெண் என்றால் கேள்வி முடியும் முன்பே நெறியாளர் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார். அக்கறைதான், மறுக்கவில்லை. சென்ற ஆண்டு ஓர் அரங்கில், "அவங்களே சொல்லட்டும் சார்" என்றேன். அந்தப் பெண் தண்ணீர் குடித்தார். ஆய்வேட்டைப் புரட்டினார். பிறகு, "கேள்வியே சரியில்லைன்னு நினைக்கிறேன் மேடம்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினார்.