பதினொரு குழந்தைகள்

ஆட்டிசம் என்னும் நிலையை 1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர், பதினொரு குழந்தைகளைக் கொண்டு விவரித்தார். முதல்வன் டொனால்டு. எண்ணுவதிலும் அளப்பதிலுமே மூழ்கிக் கிடந்த அவனைத் தம் பண்ணையில் வளர்த்த உழவர் தம்பதியர், மக்காச்சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே உழவிட்டனர். கிணறு தோண்டி ஆழம் அளக்கச் செய்தனர். எவ்வளவு நுட்பமான ஆசிரியர்கள்! தூத்துக்குடித் துறைமுகத்துத் தோணிகளின் பெயர்களை வரிசை பிறழாது ஒப்பித்து, தன் பெயர் கேட்டால் மட்டும் வாய்திறவாத மாணவன் ஒருவன் என் வகுப்பிலும் இருந்தான்; அவனுக்குக் கூட்டலும் கழித்தலும் அத்தோணிகளாலேயே வந்தன. டொனால்டு பட்டம் பெற்று, வங்கியில் பணியாற்றி, 2023-இல் 89 வயதில் மறைந்தார். ஆனால் அப்பதினொருவருள் அரசு மனநல மருத்துவமனைகளில் அடைபட்டவர்கள் வளர்ச்சி குன்றிப்போனதை 1971-இல் கானர் எழுதினார். நம் நாட்டிலோ, 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஆட்டிசத்தின் பெயரையே சொல்லவில்லை. 1999-இலும் 2016-இலும் வந்த சட்டங்களே சொல்லின.