மாட்டு நோயின் பெயர்களும் மருத்துவர் கற்ற கேள்வியும்

இந்தி வழங்கும் பகுதிகளில் அதற்குப் 'பசு மாதா' என்று பெயர்; 'போங்க்னி' என்றும் சொல்வர். வங்காளத்தில் 'கோ-பொசொந்தோ', தமிழில் 'வெக்கை நோய்'. முதற்பெயர் நோயைத் தெய்வத்தின் வருகையாகக் கொள்கிறது. இரண்டாவது கழிச்சலைச் சுட்டுகிறது. வங்கப் பெயர் பெரியம்மையை நினைவூட்டுகிறது. தமிழ்ப் பெயர் உடற்சூட்டைச் சொல்கிறது. அரசு ஆவணங்களிலோ 'ரிண்டர்பெஸ்ட்' என்னும் ஜெர்மானியச் சொல் மட்டுமே நிலைபெற்றது.

பிரிட்டனில் 1865இல் இந்நோய் பரவியபோது, மறு ஆண்டே சட்டமியற்றி, நோயுற்ற மாடுகளைக் கொன்று அதை ஒழித்தனர். மாட்டைக் கொல்வது சமயத்தையும் உழவையும் ஒருங்கே தொடும் இந்தியாவில் அவ்வழி இயலாததாயிற்று. எனவே இங்கே கால்நடை மருத்துவர் உழவரின் இசைவை நம்பியே இயங்க வேண்டியிருந்தது. அந்த இசைவு எளிதில் கிட்டவில்லை. அதற்கு அறியாமையையும் மூடநம்பிக்கையையும் காரணமாகக் கூறுவது வழக்கம். அது பாதி உண்மைகூட அன்று. சீரம் மட்டும் செலுத்திய மாட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு சில வாரங்களே நீடித்தது. சீரத்துடன் நோய்க்கிருமியுள்ள குருதியையும் செலுத்திய முறையில் மாடு இறக்கவும் கூடும். 1920களின் பிற்பகுதியில் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் உருவாக்கிய வெள்ளாட்டுவழித் தடுப்பு மருந்து சமவெளி நாட்டு மாடுகளுக்கு ஏற்றதாயினும், மலைநாட்டு மாடுகளிலும் கலப்பினங்களிலும் கடும் எதிர்விளைவு தந்தது. ஊசிக்குப்பின் காய்ச்சலையும் பால் குறைவையும் கண்ட உழவர் தயங்கினார் என்றால், அது அவர் கண்ணால் கண்டு பெற்ற அறிவு. அதைக் கேட்டறியாமல் அறிவுரை மட்டும் வழங்கியதே மருத்துவரின் குறை.

1954இல் தொடங்கிய தேசியத் திட்டம் பெருந்திரள் தடுப்பூசியால் நோயைப் பெரிதும் அடக்கியது. ஆயினும் அது எங்கோ எஞ்சி நின்றது. 1990களில் அணுகுமுறை மாறியது: தடுப்பூசியைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, ஊர் ஊராகச் சென்று நோயைத் தேடினர். தடுப்பூசி நின்றபின் மறைந்திருக்கும் நோயை முதலில் காணக்கூடியவர் மாடு வளர்ப்பவரே. அவரிடம் 'ரிண்டர்பெஸ்ட் உண்டா?' என்று கேட்பதில் பொருளில்லை. 'மாதா' என்று கேட்டாலும் போதாது. அப்பெயர் வேறு அம்மை நோய்களுக்கும் வழங்குவது. கண்ணீர் வடிந்து, வாயில் புண் கண்டு, கழிந்து மாடு இறந்ததா என்றே கேட்க வேண்டும். கேட்டபின் விடைக்குக் காத்திருக்கவும் வேண்டும். அதிகாரியாகவே ஊருக்குள் நுழைந்து பழகியவர்க்கு இது எளிதன்று.

இந்தியாவில் இந்நோய் கடைசியாக வெளிப்பட்டது 1995இல், தமிழ்நாட்டில். அதன்பின் பல்லாயிரம் ஊர்களில் 'இல்லை' என்ற விடையே ஆண்டுக்கணக்கில் திரண்டது. 2006இல் நாடு நோய்த்தொற்று அற்றதென அறிவிக்கப்பட்டபோது, ஆய்வகச் சோதனைகளுடன் அந்த விடைகளும் சான்றாக நின்றன.