சரிவில் நிற்கும் பந்தல்: ஜப்பானிய நிழல் தேயிலை குறித்து ஒரு மறுவாசிப்பு

ஜப்பானில் பந்தல் நிழலில் வளரும் தேயிலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தியானினில் தொடங்கித் தியானினிலேயே முடித்துவிடுகிறார்கள். வேதியியல் தெளிவானதுதான். வேரில் உருவாகும் இந்த அமினோ அமிலம் கொழுந்துக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் சிதைந்து, துவர்ப்புத் தரும் கேட்டகின்கள் உருவாவதற்குத் துணைபோகிறது. வெயிலை மறைத்தால் கொழுந்திலேயே தங்கி, கியோகுரோ, மட்சா ஆகிய நிழல் தேயிலை வகைகளுக்குரிய மென்சுவையைத் தருகிறது. 1950இல் கியோட்டோவின் தேயிலை ஆய்வு நிலையத்தில் சகாத்தோ யாஜிரோ இதைக் கண்டறிந்ததும் கியோகுரோ இலையில்தான்.

இந்த விளக்கம் நிழலின் பயனைச் சொல்கிறது. பந்தலின் தேவையைச் சொல்வதில்லை. இருட்டு மட்டும்தான் வேண்டுமென்றால் செடியின் மேலேயே கறுப்புத் துணியைப் போர்த்திவிடலாம். இன்று பல தோட்டங்களில் நடப்பதும் அதுவே. அப்படியிருக்க, ஃபுகுவோகா மாகாணத்தின் யாமே மலைப்பகுதியில் கம்பம் நட்டு, சட்டம் கட்டி, வைக்கோல் பாய் விரிக்கும் வேலை இன்னும் ஏன் தொடர்கிறது? சுவை, மரபு என்று வழக்கமாகச் சொல்லப்படும் இரு விடைகளும் போதா. மலைச்சரிவு, பந்தல், கையால் கொழுந்து பறித்தல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பந்தல் மலையில் பிறந்ததல்ல. கியோட்டோவுக்குத் தெற்கே, ஊஜி ஆற்றங்கரைத் தோட்டங்களில்தான் அதன் பழைய வரலாறு கிடைக்கிறது. 1577 முதல் 1610 வரை ஜப்பானில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி ஜோவோ ரொட்ரீகஸ், ஊஜித் தோட்டங்களின்மேல் சட்டம் கட்டி, நாணலும் வைக்கோலும் பரப்பியதை விவரித்திருக்கிறார். அவர் தரும் காரணம் உறைபனி. கியோகுரோ உருவானதாகச் சொல்லப்படும் 1835ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முந்திய சாட்சியம் இது. காற்றற்ற தெளிந்த இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். மேலே ஒரு கூரை இருந்தால் அந்த இழப்பு தடைபடும். வசந்தம் தொடங்கும் நாளிலிருந்து எண்ணி வரும் 88ஆம் இரவு, அதாவது மே மாதத் தொடக்கம் வரை, பனிக்கு அஞ்சுவது ஜப்பானிய உழவர் வழக்கம். கொழுந்து விரியும் காலமும் அதுதான். ஆற்றுப்படுகையில் குளிர்காற்று தேங்கும்; கூரைக்கு வேண்டிய நாணலோ பக்கத்திலிருந்த ஓகுரா ஏரியில் கிடைத்தது. 1933க்கும் 1941க்கும் இடையில் அந்த ஏரியை வற்றவைத்து வயலாக்கினார்கள். பந்தலின் வரலாற்றை எழுதுபவர்கள் ஏரியை மறந்துவிடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இங்கே என் வாதத்துக்கு எதிரான கேள்வி ஒன்று எழுகிறது. குளிர்காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில்தான் தங்கும். ஆகவே சரிவின் நடுப்பகுதி அடிவாரத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும். பனிக்காகப் பிறந்த கூரைக்கு அங்கே என்ன வேலை? உண்மைதான், சரிவில் அந்தப் பணி இளைத்துவிடுகிறது. சமவெளியிலும் அது நிலைக்கவில்லை. 1970களுக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களில் பரவிய உயரமான மின்விசிறிகள் மேலடுக்கின் வெப்பக் காற்றைக் கீழே தள்ளி அந்தப் பணியைப் பறித்துக்கொண்டன. நிழல் என்ற ஒரே பணி மிஞ்சியபோது செயற்கை இழைத் துணி அதை மலிவாகச் செய்தது. இரு பணிகளும் பிரிந்ததே சமவெளியில் வைக்கோல் பந்தல் அருகியதற்குக் காரணம் என்பேன். மலையில் அது தப்பியதற்குக் காரணத்தை வேலைமுறையில் தேட வேண்டும்.

சரிவில் பந்தல் போடுவது எளிதல்ல. படிக்கட்டாக வெட்டிய துண்டு நிலங்கள் ஒவ்வொன்றும் வேறு வடிவம், வேறு மட்டம். கூரையை எல்லாத் துண்டுக்கும் ஒரே மட்டமாக நிறுத்தினால் கீழ்ப்பக்கத்துக் கம்பம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். சரிவோடு சரிவாக இறக்கினால் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்கப் பார்க்கும். வைக்கோல் காற்றைக் கசியவிடும்; நெருங்கிய துணி கப்பற்பாயாகிவிடும். ஊஜி முறையில் முதலில் நாணல் தட்டியை விரித்து வெயிலைப் பாதியளவு குறைப்பார்கள். சில நாள் கழித்துக் கூரைமேல் ஏறி நடந்தபடியே வைக்கோலைத் தூவி, நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவான வெளிச்சமே உள்ளே வரும்படி செய்வார்கள். இருட்டு படிப்படியாக இறங்குவதால் கொழுந்து தன் இலையை அகலமாகவும் மெல்லியதாகவும் பழக்கிக்கொள்கிறது. பருவம் முடிந்ததும் அதே வைக்கோல் செடியடியில் மூடாக்காகும். சரிவில் மண் அரிக்காமல் காக்க அதைவிட மலிவான பொருள் இல்லை.

ஆள் உயரத்துக்கு மேல் கூரை நிற்பதன் பொருள், அதன் கீழே ஆட்கள் நின்று வேலை செய்யலாம் என்பதே. இயந்திரம் ஓடும் தோட்டத்தில் செடியைக் கவிழ்த்த தொட்டிபோல் வளைவாக வெட்டுவார்கள். அதன்மேல் துணி ஒட்டிக் கிடந்தால் குறையில்லை. கையால் பறிக்கும் தோட்டத்தில் ஆண்டுக்கொரு பறிப்புக்குப் பிறகு கவாத்து செய்து கிளையை அதன் போக்கில் வளரவிடுவார்கள். ஓங்கி நிற்கும் அந்த இளங்கொழுந்தின்மேல் துணி உரசினால் நுனி கருகும். 2015இல் புவிசார் குறியீடு பெற்ற யாமே மரபுக் கியோகுரோவின் விதிகள் வைக்கோல் போன்ற இயற்கைப் பொருளால் குறைந்தது 16 நாள் மூட வேண்டும், கிளையை இயல்பாக வளரவிட வேண்டும், கையால் பறிக்க வேண்டும் என்கின்றன. இதைப் பழமைப் பற்று என்று ஒதுக்குவோர் உண்டு. விதிகளைத் தனித்தனியே படித்தால் அப்படித்தான் தோன்றும். சேர்த்துப் படித்தால், இயந்திரம் ஏற முடியாத நிலத்துக்கு ஏற்ற ஒரே பொருளாதாரத்தை அவை எழுதிவைத்திருப்பது புலப்படும். எதிர்முனையில் நிற்பது ககோஷிமா மாகாணம். அகன்ற சமநிலத்தில் ஆள் ஏறி ஓட்டும் அறுவடை இயந்திரங்களின் துணையோடு அது 2024இல் முதற்கட்டமாகப் பதப்படுத்திய தேயிலையின் உற்பத்தியில் ஷிசுவோக்கா மாகாணத்தையே முந்தியது. அந்த விலையோடு மலைத்தோட்டம் போட்டியிட முடியாது. வேறொரு பொருளைத்தான் விற்றாக வேண்டும்.

மட்சாவுக்கு உலகெங்கும் கிராக்கி கூடியிருக்கும் இந்நாளில், நீலகிரியிலும் நிழல்வலை கட்டலாமே என்று யாரேனும் கேட்பது இயல்பு. அங்கே தேயிலைக்கு நிழல் தருவது சில்வர் ஓக் மரம். பந்தலின் இடம் நாற்றங்காலோடு சரி. உறைபனிக் காலத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவின் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் எனும் செடியைக் கொண்டு மூடுவது, ரொட்ரீகஸ் கண்ட அதே அறிவுதான். ஆனால் யாமேச் செடி குளிர்காலம் முழுதும் உறங்கி, வேரில் சேர்த்த நைட்ரஜனை வசந்தத்தின் முதல் கொழுந்தில் ஒருசேரக் கொட்டுகிறது. பந்தல் அந்தச் சேமிப்பைத்தான் சிதையாமல் காக்கிறது. நீலகிரியில் ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கிறோம். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் கவாத்து. உறங்காத செடியின்மேல் வலை கட்டினால் இலையின் பச்சை கூடும், விளைச்சல் குறையும். காக்க வேண்டிய சேமிப்பு அந்த அளவுக்கு இருக்காது. வலை வாங்குவதற்கு முன் பறிப்புச் சுற்றையும் கவாத்துக் காலத்தையும் மாற்றிப் பார்க்கும் சோதனைத் தோட்டம் ஒன்று வேண்டும். அதுவும் ஆள்கூலியைக் கணக்கில் சேர்த்து.