ஊர்த்தலைவர் ரைபைசனும் நம் நாணயச் சங்கங்களும்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அது கையிலுள்ள காசையும் குறிக்கும். சொன்ன சொல் பிறழாத ஒழுக்கத்தையும் குறிக்கும். நம் முன்னோர் கூட்டுறவுக் கடன் சங்கத்திற்கு 'ஐக்கிய நாணய சங்கம்' என்று பெயரிட்டபோது இவ்விரு பொருளும் அதில் அமைந்துவிட்டன. ஒழுக்கமாகிய நாணயத்தை ஈடாகக் கொண்டு காசாகிய நாணயத்தைக் கடனாகத் தரலாம் என்பதே அச்சங்கங்களின் உயிர்க்கருத்து. அக்கருத்தைத் தம் வாழ்நாளெல்லாம் முயன்று நடைமுறையில் நிலைநாட்டிய பெரியாருள் ஒருவர் ஜெர்மானிய நாட்டின் சிற்றூர்த் தலைவர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன். அன்னாரின் வரலாற்றையும், அது நம் தமிழகத்தை வந்தடைந்த வழியையும் இம்மலரில் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் முதற்பணியும்

ரைபைசன் 1818 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30 ஆம் நாள், சீக் ஆற்றங்கரையிலுள்ள ஹாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர், தந்தையாரோ நோயுற்றார், குடும்பம் வறுமையில் வாடியது. உயர்கல்விக்கு வழியின்மையால் பதினேழாம் வயதில் பிரஷ்யப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்ணோய் அவரை வருத்தியது. 1843 இல் படையை விட்டு நீங்கி அரசாங்க அலுவலில் அமர்ந்தார். 1845 இல் வையர்புஷ் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட சிற்றூர்த் தொகுதிக்குத் தலைவரானார். 

அப்பகுதி வெஸ்டர்வால்டு என்னும் குளிர்ந்த மலைநாடு, வளமற்ற மண், சிறு குடியானவர்களே மிகுதி. புதிய தலைவர் பள்ளிக்கூடம் கட்டுவித்தார். விளைபொருள் சந்தைக்குச் செல்லச் சாலை அமைக்க முனைந்தார். இவ்வேளையில் பஞ்சம் வந்தது.

பஞ்சமும் ரொட்டிச் சங்கமும்

உருளைக்கிழங்கில் நோய் கண்டு, தானிய விளைச்சலும் பொய்த்தமையால், 1846-47 ஆம் ஆண்டுக் குளிர்காலம் கொடியதாயிற்று. அரசாங்கம் மாவு அனுப்பியது. ஆனால் கைப்பணம் கொடுத்தோர்க்கே அதனை வழங்குமாறு கட்டளையிட்டது. பட்டினியால் வாடுவோனிடம் கைப்பணம் ஏது? ரைபைசன் அக்கட்டளையைப் பொருட்படுத்தாது, பின்னர்த் திருப்பித் தருவதாக வாக்களித்தவர்களுக்கு மாவை வழங்கினார். ஊரில் வசதியுள்ளோரை ஒன்று கூட்டி நிதி திரட்டி, 'ரொட்டிச் சங்கம்' ஒன்றை நிறுவினார். தானியம் மொத்தமாக வாங்கப்பட்டது. ஊர்ப் பொது அடுப்பில் ரொட்டி சுடப்பட்டு, ஏறத்தாழப் பாதி விலைக்குக் கடனாகவே கொடுக்கப்பட்டது.

1848 இல் அவர் பிளாமர்ஸ்பெல்ட் தொகுதிக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் கண்ட கேடு லேவாதேவி. கால்நடை வணிகன் குடியானவனுக்கு மாட்டைக் கடனாகக் கொடுப்பான். குடியானவன் தீனி போட்டு வளர்ப்பான். தவணை தவறினால் மாடும் போகும், அதனைத் தொடர்ந்து நிலமும் போகும். இதனைத் தடுக்க 1849 இல் ஓர் உதவிச் சங்கம் தோன்றியது. செல்வர் அறுபதின்மர் தத்தம் சொத்து முழுவதையும் பொறுப்பாக வைத்துப் பிணை நின்றனர். அப்பிணையைக் கொண்டு கடன் திரட்டி, மாடு வாங்கி, ஐந்தாண்டுத் தவணையில் ஏழைகளுக்கு அளித்தனர். கடுவட்டியின் பிடி தளரத் தொடங்கியது.

அறத்திலிருந்து கூட்டுறவுக்கு

1852 இல் ரைன் நதிக்கரையை ஒட்டிய ஹெட்டஸ்டார்ப் ஊருக்குத் தலைவரானார். 1854 இல் அங்கு ஓர் அறச்சங்கத்தை நிறுவினார். ஆதரவற்ற குழந்தைகளைப் பேணுதல், சிறை மீண்டோர்க்கு வேலை தேடித் தருதல், கடன் வழங்குதல் எனப் பல பணிகளை அது மேற்கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்லச் செல்வர்களின் ஊக்கம் குன்றியது. கொடுப்போர் ஒரு புறமும் பெறுவோர் மறுபுறமுமாக இருக்கும் அமைப்பு, கொடுப்போரின் மனம் சலித்தவுடன் நின்றுவிடும் என்பதை அவர் பத்தாண்டுப் பட்டறிவில் உணர்ந்தார்.

அவர் வாழ்வின் திருப்புமுனை இதுவே என்று கூறலாம். தாம் நெஞ்சார நம்பிய அறச்சங்க முறையை அவர் கைவிட்டார். 1864 இல் அதனைக் கடன் நிதிச் சங்கமாக மாற்றி அமைத்தார். கடன் பெற விரும்புவோனே அங்கத்தினனாக வேண்டும். அவனே மற்றவர் கடனுக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஈவோர் இரப்போர் என்னும் வேற்றுமை அங்கே மறைந்தது.

அச்சங்கங்களின் விதிகள் எளியவை. ஒரு சங்கம் ஒரு சிற்றூர் வட்டத்திற்குள்ளேயே இயங்கும். அப்போதுதான் யார் உழைப்பாளி, யார் ஊதாரி என்பது அனைவர்க்கும் தெரியும். அங்கத்தினர் பொறுப்புக்கு வரையறை இல்லை. ஒருவன் கடனைத் தவறவிட்டால் எல்லார் சொத்தும் அதற்கு ஈடு. ஆதலால் கடன் கேட்பவன் எதற்காகக் கேட்கிறான் என்று ஊரே கவனிக்கும். விதைக்கும் மாட்டுக்கும் கடன் உண்டு; வீண் ஆடம்பரத்திற்கு இல்லை. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கருக்கு மட்டும் ஊதியம் உண்டு. இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல் யாராலும் பிரிக்க முடியாத சேமநிதியில் சேர்ப்பார்கள்.

1863 இல் மனைவியார் காலமானார். கண்ணொளி மங்கி, உடல்நலமும் குன்ற, 1865 இல் நாற்பத்தேழாம் வயதில் பதவியினின்று ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் போதாமையால் சுருட்டுத் தொழிலும் பின்னர்த் திராட்சை மது வணிகமும் செய்து பிழைத்தார். மூத்த மகள் அமாலியா தந்தைக்குக் கண்ணாக இருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினார். 1866 இல் கடன் நிதிச் சங்கங்களைப் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. சிற்றூர்ச் சங்கங்களை இணைக்கும் மத்திய நிதியங்களும் அடுத்த பத்தாண்டில் எழுந்தன. 1888 மார்ச்சு 11 ஆம் நாள், எழுபது வயது நிறைவதற்குச் சில நாள் முன்னர், நொய்வீட் நகரில் மறைந்தார்.

பெரியோர் வரலாற்றில் குறையையும் மறைத்தல் தகாது. கடுவட்டியைச் சாடிய அவருடைய பிற்கால எழுத்துக்களில் யூத வணிகரை இனமாக இழித்துரைக்கும் சொற்களும் உண்டு. அவற்றைத் தள்ளி, அவர் வகுத்த முறையை மட்டும் கொள்வதே நமக்கு அழகு.

தமிழகம் வந்த வழி

1892 இல் சென்னை அரசாங்கம், உழவர் கடன் தொல்லைக்குத் தீர்வு காணுமாறு சர் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. அவர் ஐரோப்பிய நாடுகளின் வேளாண் வங்கிகளை ஆராய்ந்து, 1895 இலும் 1897 இலும் இரு பகுதிகளாக விரிவான அறிக்கை அளித்தார். நம் நாட்டிற்கு வேண்டுவது ரைபைசன் போன்ற ஒருவரைக் கண்டெடுப்பதே என்பது அவர் முடிவு. 1904 இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. கிராமச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பு என்னும் ரைபைசனின் விதி அதில் இடம் பெற்றது. அவ்வாண்டிலேயே அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் கிராமச் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரச் சங்கமும் தோன்றின.

ஆயினும் பயிர் எதிர்பார்த்தவாறு ஓங்கவில்லை. 1951-52 ஆம் ஆண்டுக்கான அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, குடியானவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு 3 விழுக்காடு அளவினதே என்று காட்டியது. காரணம் பலவாயினும் ஒன்று தெளிவு. ரைபைசனின் சங்கம் ஊரில் முளைத்து மேலே வளர்ந்தது. நம் சங்கங்கள் பல, மேலேயுள்ள அலுவலகத்தில் பிறந்து ஊருக்கு இறங்கின. சட்டம் இறக்குமதியாயிற்று, சம்பளமின்றி ஊர்க்கணக்கைச் சுமக்கும் தலைவரை இறக்குமதி செய்தல் இயலுமோ?

நமக்குரிய பாடம்

கூட்டுறவுக் கருத்தையும் அதன் நடைமுறையையும் 2016 இல் யுனெஸ்கோ மானிட குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2025 ஆம் ஆண்டைச் சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. பெருமை பெரிதே. ஆனால் பிறந்த ஊரை விட்டு வந்து இக்காலனியில் குடியேறிய நமக்கு இவ்வரலாறு வேறொரு வகையில் நெருக்கமானது. ஊரில் நமக்குப் பாட்டனாரின் பெயரே பிணை. இங்கோ நம் பெயரை அறிந்தோர் அடுத்த வீட்டாரே. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கோ திடீர் மருத்துவச் செலவிற்கோ கைம்மாற்று வேண்டுமாயின், அண்டை வீட்டாரின் நம்பிக்கையே நமக்குள்ள முதல்.

அந்நம்பிக்கை தானே வளராது. கணக்கை ஒளிவின்றிக் காட்டுதலும், தவணையை நாள் தவறாது செலுத்துதலும், மாலை வேளைகளில் ஊதியம் கருதாது பேரேட்டின் முன் அமர்வாரைப் போற்றுதலும் அதற்கு உரமாகும். நம் சங்கத்து இளைஞர் சிலரேனும் ஆண்டுதோறும் அப்பேரேட்டை ஏற்க முன்வருவராயின், நாணயம் என்னும் சொல்லின் இரு பொருளும் இக்காலனியில் நிலைபெறும் என்று நம்புகிறோம்.