பூட்டு எங்கே இருந்தது? கருணாபுரமும் 20ஆவது பிரிவும்

2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் ஒரு பகுதி 2024 ஜூன் 26 அன்று அமலுக்கு வந்தது. அதில் 20ஆவது பிரிவும் அடக்கம். பொது அவசரநிலை ஏற்பட்டால், அல்லது பொதுப் பாதுகாப்புக்காக, அரசு ஒரு செய்தியை நிறுத்தலாம், இடைமறிக்கலாம், “புரியும் வடிவில்” தரச் சொல்லிக் கேட்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. கடைசியில் வரும் அந்த இரண்டு வார்த்தையில்தான் என்கிரிப்ஷன் பற்றிய சண்டை முழுக்க இருக்கு.

அதற்கான அரசிதழ் அறிவிப்பு ஜூன் 21 தேதியிட்டது. அதே வாரம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜூன் 20 அன்று கோமுகி ஆற்றங்கரையில் ஒரே நேரத்தில் பல சிதைகள் எரிந்தன.

தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு காரணம் இருக்கு. “எங்களால் படிக்க முடியாததால்தான் குற்றத்தைத் தடுக்க முடியவில்லை” என்பது எல்லா அரசும் சொல்கிற வாதம். அந்த வாதம் நம்ம ஊரில் எப்படி வளர்ந்தது, இந்த மாவட்டத்தில் அது எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பார்க்கலாம்.

20ஆவது பிரிவின் மூலம் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு. “பொது அவசரநிலை”, “பொதுப் பாதுகாப்பு” என்ற சொற்கள் அங்கிருந்து அப்படியே வருகின்றன. 1996இல் பி.யூ.சி.எல். தொடுத்த ஒட்டுக்கேட்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரம்பு போட்டது: இந்த இரண்டு நிலைமையும் ரகசியமானவை இல்லை, சாதாரண மனிதனுக்கே கண்ணுக்குத் தெரியக்கூடியவை, அப்படி ஒன்று இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம். 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

இணையத்துக்கு வேறு பாதை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவில் அவசரநிலை என்ற நிபந்தனையே கிடையாது. எந்தக் குற்றத்தை விசாரிப்பதற்கும் உத்தரவு போடலாம். பூட்டைத் திறந்து கொடுக்கும்படி கேட்டு, உதவ மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை. 2015 செப்டம்பரில் வெளிவந்த தேசிய என்கிரிப்ஷன் கொள்கை வரைவு இன்னும் ஒரு படி மேலே போனது. பூட்டி அனுப்பியதன் மூலப் பிரதியை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றார்கள். எங்க வேலையில் இருக்கிற யாருக்கும் அதன் அபத்தம் புரியும். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைக்கச் சொல்வது மாதிரி.

அடுத்த கட்டம் தமிழ்நாட்டில் நடந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கச் சொல்லி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. ஆதார் கோரிக்கை பின்னால் போய், “வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியது யார்” என்ற கேள்வி முன்னால் வந்தது. ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தையும் பூட்டி அனுப்பலாம், நீதிமன்றம் கேட்டால் நிறுவனம் திறந்து கொடுக்கலாம் என்று ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். அந்த அடையாளத்தைப் போலியாக மாற்ற முடியும் என்று ஐ.ஐ.டி. பாம்பே பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்து எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அது முடிவதற்குள், 2021 பிப்ரவரியில் வந்த ஐ.டி. விதிகளில் “முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும்” என்பது விதியாகவே வந்துவிட்டது. வாட்ஸ்அப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது.

இப்போ கள்ளக்குறிச்சிக்கு வருவோம். 2022 ஜூலை 17 அன்று கனியாமூரில், ஒரு மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து, தனியார் பள்ளி சூறையாடப்பட்டது. பேருந்துகள் எரிந்தன. திட்டமிட்ட வன்முறை மாதிரி தெரிகிறது என்று மறுநாளே உயர் நீதிமன்றம் சொன்னது. வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆட்களைத் திரட்டினார்கள் என்றது போலீஸ். அந்தச் செய்திகள் முழுக்க என்கிரிப்ட் ஆனவை. முதல் அனுப்புநர் விதியோ அப்போதும் வழக்கில்தான் கிடந்தது. அப்படியும் 300 பேருக்கு மேல் கைதானார்கள்.

இது எப்படி முடிந்ததுன்னா, என்கிரிப்ஷன் பூட்டுவது வழியை மட்டும்தான். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகும்போது நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. ஆனால் நூறு பேர் இருக்கிற குழுவில் நூறு முனை இருக்கு. ஒருத்தர் போன் கையில் கிடைத்தாலும் செய்தியும் தெரியும், குழுவில் இருப்பவர்களின் எண்ணும் தெரியும். இது போக வீடியோக்கள், டவர் பதிவுகள், கால் பட்டியல். அவை எதற்கும் பூட்டே கிடையாது.

கருணாபுரத்தில் அந்த ஒரு பூட்டும் இல்லை. சாராயம் விற்றது கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, காவல் நிலையமும் நீதிமன்றமும் பக்கத்தில் இருக்கிற இடத்தில். கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சுவது பல வருஷமாக ஊரறிந்த சேதி. முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டவர் மீது ஏற்கெனவே பல வழக்குகள் இருந்தன. மெத்தனால் ஆபத்தும் புதுசு இல்லை. முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20 பேருக்கு மேல் அதே மெத்தனாலில் செத்திருந்தார்கள். சாவு விழுந்த பிறகு எஸ்.பி. பணியிடை நீக்கம், ஆட்சியர் மாற்றம், நீதிபதி கோகுல்தாஸ் ஆணையம், எல்லாம் வந்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. அரசுக்கு இங்கே படிக்க முடியாத செய்தி என்று எதுவும் இல்லை. படித்த பிறகும் நடவடிக்கை இல்லாததுதான் பிரச்சினை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசப் படங்களைப் பரப்புகிறவர்களுக்கு என்கிரிப்ஷன் நிஜமாகவே பெரிய மறைவு. அங்கே விசாரணை அதிகாரியின் சிரமம் உண்மையானது. ஆனால் அந்த ஒரு வகைக் குற்றத்துக்காகக் கேட்கிற அதிகாரம் எல்லாருடைய போனுக்கும் பொருந்தும். ஆகவே அதை யார் மேற்பார்வை பார்க்கிறார்கள் என்பது முக்கியம்.

2024 டிசம்பரில் வந்த இடைமறிப்பு விதிகளின்படி, மாநிலத்தில் உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். அந்த உத்தரவு சரியா என்று பார்க்கும் குழுவின் தலைவர் தலைமைச் செயலாளர். உறுப்பினர்கள் இன்னும் இரண்டு செயலாளர்கள். நீதிபதி ஒருவரும் கிடையாது. முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை 1996இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; அன்று வகுத்த அதிகாரிகள் குழுதான் இன்றும் தொடர்கிறது.

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2011ஆம் ஆண்டின் ஒட்டுக்கேட்பு உத்தரவு ஒன்றை ரத்து செய்தார். ஒரு லஞ்சப் புகாரை விசாரிக்கப் போட்ட உத்தரவு அது. ரகசியக் குற்றத்தைக் கண்டுபிடிப்பது பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ ஆகாது என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த உத்தரவு சட்டப்படி செல்லாது என்று தெரிய 14 வருஷம் ஆனது.

கருணாபுரத்தில் கண்ணெதிரே விற்ற சாராயத்தைப் பார்க்காமல் விட்டது மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும். அவை அந்தச் செயலாளர்களின் கீழ் இயங்குபவை. அடுத்த முறை “பூட்டைத் திறந்து கொடுங்கள்” என்று ஒரு மசோதா வரும்போது, ஏற்கெனவே தெரிந்த தகவலை வைத்து என்ன செய்தீர்கள் என்ற கணக்கை முதலில் கேட்கலாம். கள்ளக்குறிச்சியில் அந்தக் கணக்குக்கு 60க்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.