தீயை இடுப்பில் முடிந்தவர்கள்

1991 செப்டம்பர் 19 அன்று, ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலைமுகட்டில், 3,210 மீட்டர் உயரத்தில், உருகும் பனியிலிருந்து ஒரு மனித உடல் வெளியே தெரிந்தது. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போனவர். ஏட்ஸி என்று பெயர் வைத்தார்கள். அவருடைய செம்புக் கோடரியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மலை ஏறிப் பழகிய எனக்கோ அவர் இடுப்பில் கட்டியிருந்த தோல்பைதான் பெரிய விஷயம்.

அதில் சிறு கல்கருவிகளோடு கறுப்பாக ஒரு திரள் இருந்தது. பூர்ச்ச மரத்திலும் பீச் மரத்திலும் குதிரைக் குளம்பு போல ஒட்டி வளரும் காளானின் உட்சதை அது. அதன்மேல் பைரைட் கல்லின் துகள்கள் ஒட்டியிருந்தன. பைரைட்டைச் சிக்கிமுக்கிக் கல்லால் உரசினால் பொறி பறக்கும். காளான் பஞ்சு அதை வாங்கிக்கொள்ளும். இதுபோக, பூர்ச்ச மரப்பட்டையில் செய்த ஒரு பெட்டியும் வைத்திருந்தார். உள்ளே பச்சை மேப்பிள் இலைகளும் கரித்துண்டுகளும் கிடந்தன. நேற்றைய தீக்கங்கை இலையில் பொதிந்து அடுத்த தங்கலுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு அது. கங்கு அணைந்துவிட்டால் காளான் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து எடை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

தீமூட்டிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொறியின் கதையைத்தான் எழுதுகிறார்கள். கல், எஃகு, பாஸ்பரஸ், லைட்டர் என்று அது நீளும். பொறி உண்டாக்குவது சுலபம். கண் இமைப்பதற்குள் சாகிற அதைப் பிடித்து, ஊதிப் பெரிதாக்கும்வரை உயிரோடு வைத்திருக்கும் பொருளில்தான் வித்தை இருக்கிறது. வழிநடைக்காரனுக்கு அன்றும் இன்றும் அதுவே உயிர்நாடி.

அந்தக் காளானை வைத்து ஐரோப்பாவில் ஒரு தொழிலே நடந்தது. மேலோட்டைச் சீவிவிட்டு, பழுப்பு நிற உட்சதையை வில்லைகளாக அறுப்பார்கள். ஊறவைத்து, மரச்சுத்தியலால் மெத்துமெத்தென்று ஆகும்வரை அடிப்பார்கள். வெடியுப்புக் கரைசலில் நனைத்துக் காயப்போட்டால் சரக்கு தயார். இதில் பொறி விழுந்தால் சுவாலை எழாது; விளிம்பிலிருந்து சிவப்பு மெதுவாக ஊர்ந்து போகும். ஜெர்மனியின் உல்ம் நகரம் இந்தச் சரக்குக்குப் பேர்போனது. தீக்குச்சி வந்ததும் தொழில் படுத்துவிட்டது. ருமேனியாவில் கோருண்டு என்ற ஊரில் மட்டும் அதே காளானை இழுத்து விரித்து இன்றும் தொப்பி செய்கிறார்கள்.

நம் பக்கமும் இதே கவலை இருந்தது. நற்றிணையின் 142ஆம் பாட்டில் மழைநாளில் ஒரு இடையன் வருகிறான். உறியையும் தீக்கடைகோலையும் தோலோடு சேர்த்துச் சுருட்டி, ஓலைப்பாயில் வைத்து முதுகில் போட்டிருக்கிறான். ஆட்டோடு காட்டில் இரவு தங்குகிறவனுக்கு நனையாத தீக்கடைகோல்தான் துணை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையனோ தீக்கடைகோலின் நெருப்பால் குழலுக்குத் துளையே போடுகிறான். பிற்காலத்தில் எஃகும் கல்லும் வந்தபோது, தென்னிந்திய மலைகளில் கூந்தற்பனையின் மட்டையடியில் படியும் பஞ்சு பொறி வாங்க உதவியது.

நான் சாத்தூர்க்காரன். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து சிவகாசியில் தொடங்கியதால் பிழைத்த ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள். கேரளாவிலிருந்து வரும் குச்சிகளை ஒன்றையொன்று தொடாதபடி சட்டத்தில் வரிசையாக அடுக்குவது அவள் வேலை. அந்தக் கட்டையைச் சூடாக்கி, முதலில் உருக்கிய மெழுகில் குச்சியின் நுனியை முக்குவார்கள், அப்புறம்தான் மருந்து. மெழுகு ஏறாத குச்சியை உரசினால் மருந்து மட்டும் சீறி அடங்கும், குச்சி பிடிக்காது. பொறியையும் அதைத் தாங்கும் பொருளையும் ஒரே குச்சியில் சேர்த்ததுதான் தீக்குச்சியின் சாதனை என்பதை அந்த மெழுகுச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டேன்.

இன்றைய மலையேறிகள் கையில் இருக்கும் உரசுகோல், ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்ற இரும்பு-சீரியம் கலவையின் வாரிசு. நனைந்தாலும் துடைத்துவிட்டு உரசலாம். ஆனால் நனைந்த சருகில் அந்தப் பொறியைக் கொட்டி என்ன பயன்? அதனால் பஞ்சில் வாசலினைப் பிசைந்து சிறு டப்பாவில் அடைத்துக்கொள்கிறார்கள். வெறும் பஞ்சு குபீரென்று எரிந்து அடங்கிவிடும். வாசலின் எண்ணெயாகவும் பஞ்சு திரியாகவும் நின்றால் சில நிமிடம் நிதானமாக எரியும். மூட்டும்போது உருண்டையை லேசாகப் பிய்த்துவிட வேண்டும். வாசலின் படாத இழைகள் வெளியே தெரிந்தால்தான் பொறி பற்றும். கடையில் விலை கொடுத்து வாங்கும் எதையும்விட நான் இதையே நம்புகிறேன்.

மலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். தமிழ்நாட்டின் காப்புக் காடுகளில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகியதை நாம் பார்த்தோம். மூட்டும் வித்தையை வீட்டு முற்றத்தில் கற்றுக்கொள்ளுங்கள். அனுமதி உள்ள இடத்தில் மட்டும் மூட்டுங்கள். சாம்பலில் கை வைத்துப் பார்த்து, சூடு முழுக்க ஆறிய பிறகே இடத்தை விட்டுக் கிளம்புங்கள்.