பொது மிதிவண்டிப் பழுதுபார்ப்பு நிலையம்
சாலையோரத்திலோ பள்ளி வாசலிலோ, ஓட்டுபவரே பழுது பார்த்துக்கொள்ளக் கருவிகளுடன் நிறுவப்படும் தூண். வண்டியைத் தொங்கவிட இரு கைகள், ஸ்பேனர், திருப்புளி, டயர் லீவர், காற்றுப் பம்பு ஆகியவை இருக்கும்.

திருட்டே பெரிய சிக்கல். ஆகவே ஒவ்வொரு கருவியும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிவடத்தில் கோக்கப்பட்டு, வடத்தின் மறுநுனி தூணுக்குள் பூட்டப்படும். அடித்தகட்டைக் கான்கிரீட்டில் போல்ட்டுகளால் இறுக்குவர். வெளியே தெரியும் நட்டுகள் சாதாரண ஸ்பேனருக்கு அசையாதவையாக இருக்க வேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் மேற்கூரை இருந்தால் நல்லது.

சேலம், நாமக்கல் பகுதியில் இத்தகைய நிலையத்தை உள்ளூரிலேயே செய்துவிடலாம். சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகு தருகிறது. நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் தேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். தமிழக அரசு 2001-02இல் தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டத்தில் வண்டி பெறும் மாணவர்களுக்கே இந்த வசதி முதலில் கிடைக்க வேண்டும். அத்தகைய சாதாரண வண்டிகளில் சிறு ரப்பர் குழாயால் காற்றை அடைக்கும் வால்டியூப் வால்வே வழக்கம். பம்பின் முனை அதற்குப் பொருந்த வேண்டும்.